ஆர்பர் பச்சை

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, கோயில் வாசலில் மீன்காரம்மா கூடை முன்னால் குந்தி, சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் டொமினிக் அண்ணன். கையில் செல்போன். சம்மன் கொண்டுவந்தவர் மாதிரி அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இன்னா ஸ்டெல்லா, நல்லாக்கீறியா? எங்க நைனாவ திருடன்னு ஊருக்கே தம்பட்டம் அட்ச்சிட்ட. திருப்தியா?"

"அண்ணே, நான் கதவுக்குத்தாண்ணே கலர் அட்ச்சேன்."

"கதவுக்கு அட்ச்சியா, எங்க நைனா மூஞ்சில அட்ச்சியா?"

பூசை முடிந்து வந்த கூட்டம் நின்றுவிட்டது. சாமியார் பிரசங்கத்துக்குக்கூட இவ்வளவு அமைதியாக நின்றதில்லை. மீன்காரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, மீனு வோணுமா பஞ்சாயத்து வோணுமா? எத்தினி வாட்டி செவுள தூக்குவ, அது பாவம் செத்துப்போச்சு" என்றாள்.

அண்ணனுக்குப் பின்னால் அவர் மனைவி லில்லி அக்கா நின்றிருந்தாள். திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவள் பேக்கிங்கிலும் நான் ஆபீசில் டைப் அடித்தும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நாற்பது வருஷ சிநேகிதம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மாதா சொரூபத்தைப் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சும்மா இருந்த சங்கு

ரிட்டயர் ஆனவர்களில் சிலர் ஜெபமாலையை உருட்டுவார்கள், சிலர் மருமகளை உருட்டுவார்கள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, மருமகளுக்கு எங்கே போவது? ஜெபமாலை உருட்டினால் மூன்றாம் தேவரகசியத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்து யாரோ என்னை 'நம்ம பழைய ராயபுரம்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள்.

நாள் முழுக்க பழைய போட்டோவும் போஸ்ட் கார்டும் வந்து விழும். ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள், கரையில் கவிழ்த்துப்போட்ட கட்டுமரம், தெருவில் குதிரை வண்டி. எல்லாம் கறுப்பு வெள்ளை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. கலர் போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த சாஃப்ட்வேருக்கு நம்ம ஊர் தெரியாது. வலை இழுக்கிற ஆட்களுக்கு எல்லாம் பால் பிஸ்கட் நிறம் அடித்து வைத்தது. காசிமேட்டு வெயிலில் நிற்கிறவன் பால் பிஸ்கட் மாதிரியா இருப்பான்? ஒவ்வொரு முதுகாக நானே உட்கார்ந்து பழையபடி கறுப்பாக்கிப் போட்டேன். மறுநாளே ஒரு பெண் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அந்த ஓரத்துல நிக்கிறது எங்க தாத்தா. கொஞ்சம் செவப்பா போட்டுத் தாங்க. பொண்ணு பாக்க வராங்க."

"தாத்தாவையா பொண்ணு பாக்க வராங்க?" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

இன்னொரு பாவமும் செய்தேன், ஒளிப்பானேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு கைரிக்‌ஷாவுக்குச் சும்மா குறும்புக்கு ரோஸ் கலர் அடித்துப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை, ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர் எழுதினார்: 'நன்றாக நினைவிருக்கிறது. இந்த ரோஸ் ரிக்‌ஷாவில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.' அடுத்தவர் ரிக்‌ஷாக்காரர் பெயரைச் சொன்னார். மூன்றாமவருக்கு அதன் மணிச் சத்தமே காதில் கேட்டதாம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பத்துக் கட்டளையில் இது எதில் வரும் என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அண்ணாச்சியின் மேஜைக் கண்ணாடி

எங்கள் தெருமுனையில் செல்வராஜ் அண்ணாச்சியின் மொத்த மளிகைக் கடை இருக்கிறது. அவர் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. கல்லா மேஜைமேல் ஒரு கனமான கண்ணாடி. அதன் அடியில் அப்பா படம், முருகன் படம், அவற்றுக்கு நடுவில் ஒரு பழைய போஸ்ட் கார்டு.

கார்டில் ஒரு சந்து. 'மெட்ராசில் ஒரு தெரு' என்று மட்டும் கீழே இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. ஆனால் சந்து முனையில் மாதா கெபி, குகை மாதிரி கட்டின சின்னக் கோயில், இருந்ததால் எது என்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையாகவும் எதிரெதிராகவும் ஏழு கதவு. குழாயடியில் குடங்கள். ஓர் ஆடு, போட்டோ எடுக்கிறவரையே முறைத்தபடி.

கண்ணாடிக்கு மேலாகவே செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன். இடது ஓரத்தில் கடை டியூப் லைட்டின் வெளிச்சம் விழுந்து, கடைசிக் கதவுமேல் வெள்ளையாக உட்கார்ந்துவிட்டது. அதனால் என்ன, ஆறு கதவு தெரிந்தால் ஏழாவதை ஊகிக்க முடியாதா என்று விட்டுவிட்டேன்.

முதலில் ஏழு கதவுக்கும் ஏழு கலர் போட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னம்மா, ஹோலி கொண்டாடிட்டியளா? நான் சின்னப் பிள்ளையில அந்தச் சந்துக்குச் சரக்குப் போட போயிருக்கேன்லா. அங்க எல்லாக் கதவும் ஒரே கலரு. ஆர்பர் பச்சை."

ஆர்பர் பச்சை! எனக்கு எப்படி மறந்துபோனது?

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கென்று யாரும் பெயின்ட் வாங்கியதில்லை. கடல் காற்றில் கடை பெயின்ட் ஒரு மழைக்குத் தாங்காது, செதில் செதிலாக உரியும். ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், கிரேனுக்கு அடிக்கிற பெயின்ட் பத்து வருஷம் அசையாது. ஆர்பரில் கிரேனுக்குப் பச்சை அடித்தால் இங்கே கதவெல்லாம் பச்சையாகும். கப்பலுக்குச் சிவப்பு அடித்தால் இங்கே நாலு சைக்கிள் சிவப்பாகும். அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை, 'மிச்சம்' என்பார்கள். சாப்பாட்டுக் கேரியரில் கீழ் அடுக்கில் மிச்சம் வரும். எங்கள் வீட்டுத் தையல் மெஷினே கப்பல் சிவப்புதான், நான் யாரைச் சொல்ல?

வீட்டுக்கு வந்து ஏழு கதவுக்கும் அதே பச்சையை அடித்தேன். இலைப் பச்சையும் இல்லை, கிளிப் பச்சையும் இல்லை, பாசி பிடித்த சோடா பாட்டில் நிறம். அதோடு விட்டிருக்கலாம். வாய்க்கொழுப்பு விடுமா? படத்துக்குக் கீழே 'ஏழு கதவு, ஒரே டின்' என்று எழுதிப் போட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு புண்ணியவான் எழுதினார்: 'டின்ன தூக்கினு வந்தது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? பெயின்டர் சவரிமுத்துதான்.'

சவரிமுத்து, டொமினிக் அண்ணனின் அப்பா.

ஓர் ஆணியின் கதை

டொமினிக் அண்ணனைத் தெரிந்த எல்லாருக்கும் அந்த ஆணியைத் தெரியும். கல்யாணமானாலும் கருமாதியானாலும் அவர் சொல்லாமல் எழுந்ததில்லை.

"எங்க நைனா ஆர்பர்ல பெயின்ட் கான்ட்ராக்ட் கம்பெனில முப்பது வருசம் பெயின்டரு. ஒரு ஆணி வூட்டுக்கு எட்த்தாந்ததில்ல."

இந்த ஆணியைச் சொல்லித்தான் மூன்று பையன்களை வளர்த்தார். இரண்டாவது பையன் ஒரு தடவை ஆபீஸ் பேனாவைச் சட்டைப்பையில் மறந்து கொண்டுவந்துவிட்டான். சாப்பிடவிடாமல் திரும்ப பஸ் ஏற்றி அனுப்பி, பேனாவை வைத்துவிட்டு வரச்சொன்னார். குடும்பமே அந்த ஒற்றை ஆணியில்தான் மாட்டியிருந்தது.

போதாக்குறைக்கு அந்த வருஷம் எங்கள் கோயிலுக்கு ஜூபிலி. ஜூபிலி மலரில் சவரிமுத்து படம் வருவதாக இருந்தது. கீழே 'நேர்மையின் சிகரம்' என்று அண்ணனே எழுதிக் கொடுத்திருந்தார். என் பச்சைக் கதவு வந்த மறுநாள், மலர்க் குழுவில் ஒருவர் பல்லை இளித்துக்கொண்டு கேட்டாராம்: "இன்னாண்ணே, படத்த பச்ச இங்க்லயே போட்ருவோமா?"

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சம்மன்.

"பச்சைய எட்த்துட்டு கதவுக்கு ஒரு கலரா போடு. அப்பால குரூப்புல மன்னிப்பு கேளு" என்றார்.

"பச்சதானேண்ணே உண்மை? உண்மைய எப்டி மாத்தறது?"

ரோஸ் ரிக்‌ஷா அடித்த வாயால் இதைச் சொன்னேன். எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் சபையில் பின்வாங்க மனம் வரவில்லை. அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "லில்லி, இனி இவகூட ஒரு பேச்சு பேசுன, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள்.

வாரம் மூன்று போனது. சனிக்கிழமைதோறும் லில்லி அக்கா வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வரும், வரவில்லை. கடைசியாக வந்த அவளுடைய எவர்சில்வர் டப்பா கழுவிக் கவிழ்த்தபடி என் சமையலறையில் கிடந்தது. ஒருநாள் அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறுபத்து நாலு வயதில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

உண்மை என்ன, எனக்கு மாமனா மச்சானா? அது எனக்குக் குழம்பு கொடுத்தனுப்புமா? ஏழு கலர்தானே, போட்டுத் தொலைப்போம் என்று முடிவு செய்தேன்.

நூல் விட்டு எடுத்தது

பொய் சொல்வதென்றால் சுத்தமாகச் சொல்ல வேண்டும். டியூப் லைட் விழாத நல்ல நகல் வேண்டும் என்று அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"கண்ணாடியோட ஒட்டிக்கிட்டுல்லா இருக்கு. எங்கப்பா வச்சதும்மா, கிழிச்சிராதிய" என்றார் அண்ணாச்சி.

கண்ணாடியைத் தூக்கி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தோம். பிறகு அவரே பொட்டலம் கட்டுகிற நூலை எடுத்து, கார்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விட்டு, அறுக்கிற மாதிரி இழுத்து இழுத்து எடுத்தார். கார்டு வந்துவிட்டது. ஆட்டின் வால் மட்டும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். முதல் ஆறு கதவும் பெயின்ட் வழவழப்போடு கறுத்துத் தெரிந்தன. டியூப் லைட் மறைத்திருந்த ஏழாவது கதவு வெளுத்திருந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி. மரத்தின் ரேகையெல்லாம் தெரிகிறது. அடியில் ஒரு தகரத் துண்டை ஒட்டுப் போட்டு அடித்திருக்கிறார்கள்.

அந்தக் கதவுக்கு யாரும் பெயின்டே அடிக்கவில்லை. நான்தான் ஊகத்தில் பச்சை அடித்திருக்கிறேன்.

கெபிக்குப் பக்கத்துக் கதவு அது. சவரிமுத்து வீடு.

மொட்டைக் கதவு

அன்று சாயங்காலமே படத்தைப் பெரிய பிரின்ட் போட்டு, லில்லி அக்காவின் டப்பாவையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவர்கள் அதே சந்தில், அதே இடத்தில்தான் இருக்கிறார்கள். மேலே ஒரு மாடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணன் கதவை முக்கால்வாசி திறந்தார். "கலர் மாத்திட்டியா?"

"மாத்தலண்ணே. மொதல்ல இத்த பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விரலை ஏழாவது கதவுமேல் வைத்தார்.

"இது எங்க வூடு. தகரம் நான் ஒதச்சு ஒடச்ச எடம்." பிறகு குரல் ஏறியது. "கதவு மொட்டையா கீது! ஆமா, எங்க கதவு மொட்டதான்! மய பெஞ்சா ஊறிக்கினு தொறக்கவே தொறக்காது. பாத்தியா ஸ்டெல்லா? ஊரே பச்ச அட்ச்சிக்கினு கீது, எங்க நைனா தொடல! எவனோ எட்த்தாந்து அட்ச்சான், பயி எங்க நைனா மேல!"

சின்னப் பையன் மாதிரி குதித்தார். மலர்க் குழுவுக்கு இப்போதே போன் போடுகிறேன் என்று செல்போனைத் தேடினார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

சமையலறை வாசலில் ஒரு சத்தம். லில்லி அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி சிரிப்பு?" என்றார் அண்ணன். அவள் வந்து படத்தில் ஒரு கதவைத் தொட்டாள்.

"எதிர்க்க கீற இந்தக் கதவு யாருதுய்யா? எங்க அம்மா வூடு. அதுக்கு பச்ச அட்ச்சது உங்க நைனாதான். டப்பாவ புட்ச்சினு பக்கத்துல நின்னது நானு. எனக்கு ஏயு வயசு."

அண்ணன் கையில் போன் அப்படியே நின்றது.

"அப்ப எங்க வூட்டுக்கு ஏன் அடிக்கல?"

"பெயின்ட் காணாம போனா கம்பெனி வாட்ச்மேன் எந்த வூட்ட மொதல்ல வந்து பாப்பான்? பெயின்டர் வூட்டதான? மாமா உஷாரு. ஊருக்கெல்லாம் அட்ச்சாரு, தன் கதவ மட்டும் மொட்டையா வுட்டாரு. வந்தானே ஒரு தபா, சைக்கிள்ல! உங்க கதவ தட்டிப் பாத்தான், தடவிப் பாத்தான். வெறும் கட்ட. அப்பால உன்ன கூப்ட்டு தலைய தடவி ஒண்ணு சொன்னான். இன்னா சொன்னான், ஞாபகம் கீதா?"

அண்ணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாயிலிருந்து வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"'உங்கப்பன் மாதிரி யோக்கியன் ஆர்பர்லயே கெடயாதுடா. ஒரு ஆணி வூட்டுக்கு எட்த்தாந்ததில்ல.'"

போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"சுத்தி ஆறு கதவு பச்சயா கீதே. அத்த அவன் பாக்கலியா?" என்று கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தார் அண்ணன்.

"அவன் வூட்டுக் கதவே இன்னா கலருன்னு நெனக்கிற?" என்றாள் லில்லி அக்கா.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரித்தால் இன்னும் நாற்பது வருஷத்துக்குக் குழம்பு கிடைக்காது.

"தெரிஞ்சிகினே இத்தினி வருசம் ஏண்டி சொல்லல?"

"எதுக்கு சொல்லணும்? நல்ல கத. அத்த கேட்டு நம்ம பசங்க மூணு பேரும் ஒயுங்கா வளந்தானுங்க. வாட்ச்மேன் சொன்னாலும் ஆணி ஆணிதான?"

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. அடித்த கலரைத் திரும்ப எடுத்துவிடலாம், சொன்ன சொல்லை எடுக்க முடியுமா? இந்த மனுஷனை உடைத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"அம்மாதான் பாவம்" என்றார் திரும்பாமலே. "மய நாள்ல கதவு இடுக்குல தண்ணி பூந்து பாயெல்லாம் நனைஞ்சிரும். 'ஊரு கதவு மினுக்குது, என் கதவு ஈயடிக்குது'ன்னு நைனாவ திட்டிக்கினே இருக்கும். அவரு சிரிச்சிக்கினே பீடி குடிப்பாரு. ஏன் சிரிக்கிறாருன்னு எனக்கு புரியவேயில்ல."

அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிக் கிட்டே போனேன். கண்ணில் தண்ணீர் இருந்தது நிஜம், ஆனால் மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கில்லாடி நைனா நீ! பெத்த புள்ளையவே டபாய்ச்சிட்டியே!"

மாதாவும் கூட்டு

மறுநாள் காலையில் எனக்கு உத்தரவு வந்தது. ஏழாவது கதவை மொட்டையாகவே விட வேண்டும், மற்ற ஆறையும் நல்ல பச்சையாகப் போட வேண்டும், அதுவும் சரியான பச்சையாக. "உன்ன நம்ப முடியாது, ரோசு ரிக்‌ஷா வுட்டவ நீ" என்றார். லில்லி அக்காதான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், அவளிடம் மட்டும்தான் நான் அதைச் சொல்லியிருந்தேன்.

சரியான பச்சைக்கு எங்கே போவது? அண்ணன் என்னைச் சந்து முனைக்குக் கூட்டிப்போனார். கெபியின் இரும்புக் கதவில் ஒரு மூலையைச் சாவியால் சுரண்டினார். மேலே வெள்ளி, அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் வெள்ளை. கடைசியில், இரும்புக்கு மேலே முதல் பூச்சாக, ஆர்பர் பச்சை.

"மாதாவுக்கும் அட்ச்சிக்கீறாரு" என்றார் அண்ணன். இரண்டு பேரும் சேர்ந்தே சிலுவை போட்டுக்கொண்டோம்.

ஜூபிலி மலர் வந்தது. சவரிமுத்து படத்துக்குக் கீழே 'நேர்மையின் சிகரம்' இல்லை. அண்ணன் அதை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்திருந்தார்: 'தன் வீட்டுக் கதவுக்கு ஒரு சொட்டு பெயின்ட் அடித்துக்கொள்ளாதவர்.' படித்தவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

சனிக்கிழமை குழம்பு வந்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சந்து முழுக்க பெயின்ட் வாசனை. டொமினிக் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூல்மேல் ஏறி, தன் வீட்டுக் கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். கெபியில் சுரண்டின துணுக்கைக் கடையில் காட்டி, அதே நிறத்தில் கலக்கி வாங்கினாராம். அறுபது வருஷம் கழித்து அந்த வீட்டுக் கதவுக்கும் ஆர்பர் பச்சை வந்துவிட்டது.

கதவின் உள்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் ஆணியடித்து மாட்டியிருந்தது. எட்டிப் பார்த்தேன். பெயின்ட் கடை பில்.

"இத்த எதுக்குண்ணே இங்க மாட்டிக்கீற?"

பிரஷ்ஷை டின்னில் முக்கியபடியே சொன்னார்:

"வாட்ச்மேன் வந்தா காட்டணும்ல?"